நாலு மாடியும் பார்த்தேன், சரி

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் வீட்டுக்காரர், என் மகள், என் தம்பி. எதிர்ப்பக்கம் மகள் கட்டிக்கொள்ள நினைத்த பிள்ளை, அவனுடைய அப்பா, அம்மா. அவ்வளவுதான். இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம் இருக்கிறது. இப்போது எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அன்றைக்குத் தானும் அங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். அன்றைக்கு ஜன்னலைச் சாத்தியது நான். சாத்தினேனா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்ததும் நான்தான். ஏழு பேருக்கு மேல் யாரும் கிடையாது.

பயம் என்னோடு கூடவே பிறந்தது. கேஸை அணைத்தேனா, மோட்டாரை நிறுத்தினேனா, மகள் ஏறின மின்சார ரயில் இந்நேரம் பரனூர் தாண்டியிருக்குமா, ஒன்று போனால் இன்னொன்று வந்து உட்காரும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் மேற்பார்வை வேலை எனக்கு. சாம்பாரைத் திறந்து பார், எண்ணெயை முகர்ந்து பார், பாத்திரத்தைத் தடவிப் பார் என்று நாள் முழுக்க அடுத்தவர்களின் உயிரை எடுக்கிற வேலை. உன் பயத்துக்குச் சம்பளம் கொடுக்கிறான் பாரு ஒரு புண்ணியவான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் வேன் ஓட்டுகிறவர். அவருக்கு எதற்கும் பயமில்லை, அவருக்கும் சேர்த்து நான் பயப்படுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயம் வேறு ரகம். பிள்ளையும் என் மகளும் ஒரே ஆபீசில் வேலை செய்கிறவர்கள். இருவருக்கும் பிடித்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவனுடைய அப்பா கடலோரத்து அணு ஆராய்ச்சி டவுன்ஷிப்பில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பள்ளிக்கூட டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருக்கிறவர்கள். எங்கள் அப்பா திருக்கழுக்குன்றம் ரோட்டில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். சாதி வேறு என்பது இரண்டு பக்கமும் தெரியும், இரண்டு பக்கமும் வாய்விட்டுப் பேசவில்லை. வந்து பார்க்கிறோம், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அந்த 'சொல்கிறோம்' என்ற வார்த்தையைப் பத்து நாள் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

இதற்குமேல் என் தம்பி ஒரு வேலை செய்து வைத்திருந்தான். போனில் டீச்சரம்மா, பெண்ணோட அம்மா என்ன படிச்சிருக்காங்க என்று கேட்டிருக்கிறார். இவன் ஒரு நொடிகூட யோசிக்காமல், அக்கா ஓட்டல் மேனேஜ்மென்ட், மகாபலிபுரத்தில் பெரிய ரிசார்ட்டில் இருந்தாங்க என்று சொல்லிவிட்டான். பின்பாதி நிஜம். முன்பாதி சுத்தப் பொய். நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள்.

"இன்னாடா சொல்லி வச்சிக்கிற?" என்று கேட்டேன்.

"நீ ஓட்டல்ல இருந்தியா இல்லியா? ரூமை மேனேஜ் பண்ணியா இல்லியா? அப்புறம் இன்னாக்கா உனுக்குப் பிரச்சன? நீ வாயத் தொறக்காத, பஜ்ஜிய மட்டும் நீட்டு. மீதிய நான் பாத்துக்கறேன்."

மகளுக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளையிடம் அவள் எல்லா உண்மையையும் முன்பே சொல்லியிருந்தாள். பெரியவர்களிடம் மட்டும் சொல்லவில்லை, அது நான் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டாள். நீயே சொல்லிடும்மா, ஒண்ணும் ஆகாது என்று காலையிலிருந்து இரண்டு தடவை சொன்னாள். ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால்தான் எனக்கு எல்லாம் ஆகும் என்று தோன்றும்.

வந்தார்கள். டீச்சரம்மா நல்ல உயரம், பருத்திப் புடவை, கண்ணாடி. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மகளின் பட்டமளிப்புப் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "ஓட்டல் மேனேஜ்மென்ட் எந்தக் காலேஜ்லங்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

நான் தட்டை நீட்டினேன். தம்பி குறுக்கே விழுந்து, அந்தக் காலத்தில் காலேஜ் எல்லாம் ஏது, உள்ளேயே டிரெய்னிங் கொடுத்தார்கள், பெரிய இடம் இல்லையா என்று அளந்தான். டீச்சரம்மா தலையாட்டினார். வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை என்பதற்கு வருஷக்கணக்காகக் காரணம் கேட்டவர் ஆட்டுகிற தலையாட்டல். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் பஜ்ஜியைப் பார்த்துக் குனிந்துகொண்டோம்.

டீப்பாயில் மகளின் கையடக்க கேம் கிடந்தது. சோப்புப் பெட்டி அளவு. பிறந்தநாளுக்குப் பிள்ளை வாங்கிக் கொடுத்தது, பழைய காலத்து ஆட்டங்களையெல்லாம் அதற்குள் அடைத்து வைத்திருப்பார்கள். எடுத்து உள்ளே வைக்கச் சொன்னதை அவள் மறந்துவிட்டாள். சும்மா இருக்க முடியாமல் பிள்ளையின் அப்பா அதைக் கையில் எடுத்து ஏதோ பட்டனை அழுத்தினார். ஒரு ராகம் கேட்டது. ஐந்து சுரம் மேலே ஏறி, இரண்டு கீழே இறங்கி, டொக்கென்று நிற்கிற ராகம்.

எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு கேட்கிறேன். தட்டைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டு, ஒரு பிடியைத் திருப்புவது போல் தானாக ஒரு பக்கம் திரும்பியது.

அவர் முகமும் மாறிவிட்டது. இது கரடி ஆட்டம் இல்லையா என்று மகனைக் கேட்டார். அதேதான், பெரிய பெட்டியில் இருந்ததைக் கையில் பிடிக்கிற மாதிரி புதிதாகச் செய்தது என்றான் பிள்ளை. அவ்வளவுதான், அப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. ஆபீசில் வருஷத்துக்கு இரண்டு தடவை குடும்பத்தோடு மகாபலிபுரம் ரிசார்ட் ஒன்றுக்குக் கூட்டிப்போவார்களாம். எல்லோரும் கடலுக்குப் போனால் இவர் விளையாட்டு அறைக்குப் போவாராம். அங்கே ஆளுயரப் பெட்டியாக இது இருந்ததாம். இவர் போடாத காசில்லை. ஆட்டத்தில் வரும் நாலு மாடியில் இரண்டைத் தாண்டி மூன்றாவதில் விழுந்துவிடுவாராம். டீச்சரம்மா, பிள்ளைக்குப் பால் பவுடர் வாங்க வைத்திருந்த காசையும் கரடிக்குப் போட்டுட்டு வந்த மனுஷன் என்றார்.

"அதுகூடப் பரவாயில்ல. அந்தப் பெட்டியில முதல் மார்க்கு போட்டிருக்கும் பாருங்க, ஒரே மூணு எழுத்து, எப்பப் போனாலும் அதே மூணு எழுத்து. ஒருத்தராலயும் கிட்டப் போக முடியாது. ரிசப்ஷன்ல கேட்டா அது ஓட்டல் எழுத்துங்கான். விஷயம் என்னன்னா, அது மனுஷன் ஆடினதே இல்ல. நாம காசு போடணும்னு அவனுகளே ஒரு மார்க்க எழுதி வச்சிட்டானுக. சுத்த ஏமாத்து."

தட்டைக் கீழே வைத்தேன்.

அந்தப் பெட்டியைப் பற்றி இங்கே நான் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது பதினேழு வயது. கடலைப் பார்த்த ரிசார்ட், இரண்டு பிளாக். நான் பி பிளாக்கில் ஹவுஸ்கீப்பிங். படுக்கை விரிப்பது, பாத்ரூம் கழுவுவது, துண்டுகளில் சிவப்பு நூலால் எங்கள் பிளாக்கின் அடையாள எழுத்துத் தைப்பது. எச், கே, பி. செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினால் திருக்கழுக்குன்றம் மலை விளக்கைத் தாண்டும்போது விடியும், கடலோரம் இறங்கும்போது வெயில் வந்துவிடும்.

பி பிளாக்கின் கீழேதான் விளையாட்டு அறை. ஒரு கேரம் போர்டு, நடுவில் வலை கிழிந்த டேபிள் டென்னிஸ், மூலையில் அந்தப் பெட்டி. முதலாளி மெட்ராஸில் பழையதாக வாங்கிப் போட்டது. மேலே இருந்த பெயர்ப் பலகை பாதி உரிந்து போயிருந்ததால் நாங்கள் சாரம் கேம் என்போம். கட்டட வேலைக்காரன் ஒருவன், தலையில் தொப்பி. அவனுடைய சோற்றுத் தூக்கைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கரடி சாரத்தின் உச்சிக்குப் போய்விடும். அவன் ஏணி ஏணியாக ஏற வேண்டும், கரடி மேலிருந்து தார் டிரம்களை உருட்டும். இப்படி மூன்று மாடி. நாலாவதில் சாரத்தின் எட்டு முடிச்சுகளையும் அவிழ்த்தால் சாரம் சரிந்து கரடி விழும், தூக்கு கைக்கு வரும். அதோடு முடிந்தது. மறுபடி முதல் மாடியிலிருந்து வேகமாக ஆரம்பிக்கும்.

கடல் காற்று உப்பு எந்த மெஷினையும் விடாது. சில நாள் நாலாவது மாடி வந்ததும் படம் அப்படியே உறைந்துவிடும். அவ்வளவு தூரம் ஏறின விருந்தாளிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பெங்களூர்க்காரர் ஒருவர் ரிசப்ஷனில் வந்து ரகளை செய்தார். அதிலிருந்து மேனேஜர் ஒரு ரெஜிஸ்டர் போட்டுவிட்டார். தினமும் காலை எட்டு மணிக்குள் ஹவுஸ்கீப்பிங் ஆள் பெட்டியைத் துடைத்து, சாவி போட்டு, காசில்லாமல் ஒரு ஆட்டம் ஆடி, நாலு மாடியும் ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நாங்கள் மூன்று பெண்கள் முறை வைத்துப் பார்த்தோம். மற்ற இரண்டு பேரும் கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்துவிட்டு 'சரி' என்று எழுதிப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பதினான்கு ரூம் காத்திருக்கும். என்னால் அது முடியவில்லை. நான் சரி என்று எழுதி, அன்றைக்கே நாலாவது மாடி நின்றுபோய், இது யார் கையெழுத்து என்று கேட்டால்? அப்பாவுக்குக் காலில் அடிபட்டு வீட்டில் இருந்தார், இந்த வேலை போனால் அடுத்த வேலை கிடையாது. அதனால் முதல் நாள் நான் பார்த்ததை அப்படியே எழுதினேன். 'முதல் மாடி பாதி பார்த்தேன். மீதி தெரியாது.'

சூப்பர்வைசர் அக்கா கூப்பிட்டுவிட்டு, உன்னை யாருடி கதை எழுதச் சொன்னது என்று திட்டினார். அடுத்த முறையும் அதையேதான் எழுதினேன். பிறகு 'முதல் மாடி முழுக்கப் பார்த்தேன்.' அப்புறம் 'இரண்டு மாடி.' என் பயம் எனக்குப் பாடம் சொல்லித் தந்தது என்றுதான் சொல்ல வேண்டும். டிரம் எங்கே வரும், எப்போது ஏணியில் இறங்கும் என்று ஒன்றுவிடாமல் கவனித்தேன். ஏணிக்கு நேராக வந்ததும் டிரம் இறங்குவதாக இருந்தால் அரை மூச்சு நிற்கும், நேரே போவதாக இருந்தால் நிற்காது. அது கண்ணுக்குத் தெரியாது, உருளும் சத்தத்தில் தெரியும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. இரண்டரை மாதம் கழித்து ஒரு காலை, எட்டு முடிச்சும் அவிழ்ந்து கரடி தலைகீழாக விழுந்தது. 'நாலு மாடியும் பார்த்தேன், சரி' என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் பரீட்சையிலும் நான் அப்படி ஒரு வரி எழுதினதில்லை.

அன்றிலிருந்து அந்தப் பெட்டி என் பொறுப்பு. சூப்பர்வைசர் அக்காவே மற்ற இருவரையும் விலக்கிவிட்டார். நாலாவது மாடி உறைந்து நிற்பதை நான் நான்கு தடவை காலையிலேயே பிடித்தேன். மெக்கானிக் வரும்வரை பெட்டியில் 'பழுது' அட்டை தொங்கும். நான் பார்த்த காலம் முழுக்க ஒரு விருந்தாளியின் காசுகூட அதில் மாட்டவில்லை.

அதிக மார்க்கு வாங்கினால் மூன்று எழுத்து கேட்கும். வேலைக்காரர்கள் விருந்தாளிகள் பொருளில் தங்கள் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்பது கண்டிப்பான விதி. அதனால் தினமும் துண்டில் தைக்கிற எழுத்தைப் போட்டேன். எச், கே, பி. துண்டிலும் அதுவே இருந்ததால் எல்லோரும் அதை ஓட்டல் எழுத்து என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவரும் ஒரு ஆள் இருப்பதாக நினைக்கவில்லை. எனக்கும் அப்போது அது வசதியாகத்தான் இருந்தது.

இத்தனையும் தட்டைக் கீழே வைத்த நேரத்துக்குள் மனதில் ஓடியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பஜ்ஜி தீர்ந்து காபி வந்து கிளம்பிப் போயிருப்பார்கள். ஓட்டல் மேனேஜ்மென்ட் பொய் அப்படியே நின்றிருக்கும். மகளின் கல்யாணம் என் வாயில் இருந்தது. ஆனால் 'ஏமாத்து' என்ற சொல் உள்ளே போய்க் குத்திக்கொண்டது. படிக்காதவள் என்று சொல்லட்டும், ரூம் பெருக்கினவள் என்று சொல்லட்டும். பார்க்காமல் எழுதினவள் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை.

"அது ஏமாத்து இல்லீங்க. நாந்தான் போட்டேன்," என்றேன்.

தம்பிக்குப் பஜ்ஜி தொண்டையில் மாட்டிக்கொண்டது. அக்கா சும்மா தமாஷ் பண்றாங்க என்று இருமலுக்கு நடுவில் சொன்னான். நான் நிறுத்தவில்லை. காலையிலிருந்து பார்த்துப் பார்த்துப் பேசின பேச்செல்லாம் போய்விட்டது.

"மேனேஜ்மென்ட்லாம் இல்லீங்க. நான் அங்க ரூம் பெருக்கிகினு இருந்தேன். படிச்சது எட்டாவது வரிக்கும், ஒம்போதுல நின்னுட்டேன். தெனம் காலைல அந்தப் பொட்டிய செக் பண்றது என் வேல. அந்த மார்க்கு நான் ஆடுனது."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பிள்ளையின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்ஜினியர் புத்தியில் ஒரு கேள்வி கேட்டார். எழுத்து மாறாது, ஆனால் ஒவ்வொரு தடவை போகும்போதும் மார்க்கு மட்டும் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும், அது ஏன்? எழுதி வைத்ததாக இருந்தால் ஒரே எண்ணாக அல்லவா இருக்க வேண்டும், அதை மட்டும் தன்னால் இத்தனை வருஷமும் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்றார்.

இரவு பெட்டியை அணைத்தால் மார்க்கெல்லாம் அழிந்துபோகும், காலையில் நான் ஆடுகிற ஆட்டம்தான் அன்றைக்கு முதல் மார்க்கு, தினமும் ஒரே மாதிரி ஆட முடியுமா என்று சொன்னேன். அவர் மெதுவாகச் சோபாவில் சாய்ந்தார்.

"அப்ப நான் ஒவ்வொரு தடவையும் உங்க கூடத்தான் ஆடித் தோத்தேனா?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் அந்நேரம் பாத்ரூம் கழுவிகினு இருந்துருப்பேன்."

பிள்ளைதான் முதலில் சிரித்தான். அவனுடைய அப்பா சிரிக்கவில்லை. அந்தச் சோப்புப் பெட்டியை என் முன்னால் வைத்து, அப்படியானால் இப்போது நாலு மாடி ஏறிக் காட்டுங்கள், ஐந்நூறு ரூபாய் பந்தயம் என்றார். நான் வேண்டாம் என்பதற்குள் தம்பி கையை நீட்டி அவர் கையில் அடித்துப் பந்தயம் கட்டிவிட்டான். காலையில் வாயைத் திறக்காதே என்றவன்தான்.

முதல் ஆட்டம் அசிங்கமாகப் போனது. அந்தப் பழைய பெட்டியில் கட்டடம் முழுக்க ஒரே பார்வையில் தெரியும், உச்சியில் கரடி என்ன செய்கிறது என்பது வரை. இதில் தீப்பெட்டி அளவு திரை. ஆள் இருக்கிற இடம் மட்டும் தெரிகிறது, மேலே ஏற ஏறத்தான் மற்றது வருகிறது. என்னைப் போன்றவளுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? என்ன உருண்டு வருகிறது என்று தெரியாமலே ஏறு என்கிறது. இதில் பட்டனைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும், எனக்கு அது பழக்கமில்லை. முதல் ஏணியிலேயே டிரம் இடித்து விழுந்தேன். தம்பி ஐயோ என்றான். டீச்சரம்மா சோபாவின் விளிம்புக்கு வந்திருந்தார்.

மகளிடம் என் கண்ணாடியைக் கேட்டேன். கேமை டீப்பாயில் படுக்க வைத்து, பெட்டிக்கு முன்னால் நிற்கிற மாதிரி எழுந்து குனிந்து நின்றேன். கட்டைவிரலை விட்டுவிட்டு நடுவிரலை வைத்தேன். சத்தத்தை முழுக்க ஏற்றச் சொன்னேன். ஃபேனையும் நிறுத்தச் சொன்னேன். என் வீட்டுக்காரர் எழுந்துபோய் நிறுத்தினார்.

டிரம் உருளும் சத்தம் கேட்டது. அதே சத்தம். ஏணிக்கு நேரே வந்து அரை மூச்சு நின்றது. கண்ணுக்குத் தெரியாத மாடியில் எந்த டிரம் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காதில் தெரிந்துவிட்டது. முதல் மாடி. இரண்டாவதில் ஒரு ஏணி இடம் மாறியிருந்தது, பதறி நின்று பின் ஏறினேன். மூன்றாவது ஏறியதும் பிள்ளையின் அப்பா, நான் விழுவது இங்கதான் என்று முணுமுணுத்தார். நான் விழவில்லை. நாலாவதில் ஒவ்வொரு முடிச்சுக்கும் மகள் எண்ணினாள். எட்டு என்று அவள் சொல்லும்போது சாரம் சரிந்தது. கரடி தலைகீழாக விழுந்தது, தூக்கு அவன் கைக்கு வந்தது.

விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இல்லம்மா, பாரு," என்றாள் மகள்.

கரடி எழுந்தது. தலையைத் தடவிக்கொண்டது. ஒரே தாவலில் தூக்கைப் பிடுங்கிக்கொண்டு கட்டடத்தை விட்டே வெளியே ஓடியது. தொப்பிக்காரனும் பின்னாலேயே ஓடினான். திரையில் ஒரு ஊர் வந்தது, தெரு, துறைமுகம், கப்பல். ஐந்தாவது மாடி என்று எழுத்து வந்தது. பழைய ஆட்டத்தில் இதற்குமேல் கிடையாதே என்று பிள்ளையைக் கேட்டேன். இதில்தான் ஆட்டமே ஆரம்பிக்குது ஆண்ட்டி, கிட்டத்தட்ட நூறு இருக்கு, நாங்க ரெண்டு பேரும் மூணையே தாண்டினதில்ல என்றான்.

நூறா என்று மலைத்து நின்றேன். ஆயிரம் காலைகளுக்கு மேல் அந்தப் பெட்டியின் முன்னால் நின்றிருக்கிறேன். நாலோடு எல்லாம் முடிந்தது, சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். சாரத்துக்கு வெளியே ஒரு ஊரே இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. என் வாழ்க்கையில் தெரியாத ஒன்றைப் பார்த்து அப்படித் தோன்றினது மிகக் குறைவு. ஏழாவதில் ஒரு கிரேன் கொக்கியில் தொங்கத் தெரியாமல் கடலில் விழுந்தேன். அதுவரை யாரும் காபியைத் தொடவில்லை, ஏடு படிந்துவிட்டது.

சூடு பண்ண உள்ளே போனேன். டீச்சரம்மா பின்னாலேயே சமையலறைக்கு வந்தார். இனிமேல்தான் இருக்கிறது என்று நினைத்தேன். காபி பொங்கி வரும்போது ஆரம்பித்தார்.

"அந்த ரெஜிஸ்டர்ல முதல் நாள் என்ன எழுதினீங்கன்னு நீங்க ஆடிக்கிட்டு இருந்தப்ப உங்க மக என் காதுல சொன்னா. நெசமாவா?"

ஆமாம் என்றேன். முதல் மாடி பாதி பார்த்தேன், மீதி தெரியாது என்றுதான் எழுதினேன், திட்டு வாங்கினேன் என்றேன்.

அவர் அடுப்பைத் தானே அணைத்தார். எங்க பள்ளிக்கூடத்துல எத்தனையோ ரெஜிஸ்டர்ல நானும் பாக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கேன் என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

"நீங்க மேனேஜ்மென்ட்டுன்னு உங்க தம்பி சொன்னப்ப எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்திச்சு. பெரிய ஆளுங்க, எப்படிப் பேசணுமோன்னு. ஆவணியில முகூர்த்தம் பாக்கலாமா?"

அவர் அணைத்த அடுப்பை இன்னொரு தடவை நான் திருகிப் பார்த்தேன். கூடத்துக்கு வந்து அவர் எல்லோர் முன்னாலும் அதையே மறுபடி சொன்னார். என் மகள் அவரைக் கட்டிப்பிடிக்காமல் என்னை வந்து கட்டிப்பிடித்தாள், அது கொஞ்சம் மரியாதைக் குறைவுதான், ஆனால் நான் தடுக்கவில்லை. தம்பி மட்டும், பாத்தியா, மேனேஜ் பண்ணிட்டேன்ல என்று என் வீட்டுக்காரரின் காதைக் கடித்தான்.

கல்யாணம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயருக்குப் பக்கத்தில் வேன் ஓட்டுநர் என்றும், என் பெயருக்குப் பக்கத்தில் கேன்டீன் மேற்பார்வையாளர் என்றும் போடச் சொன்னேன். அப்படியே போட்டார்கள். மண்டபத்தில் டவுன்ஷிப் ஆட்கள் சிலரைச் சம்மந்தி என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். நாம அந்தக் காலத்துல தோத்தோம்ல, இவங்ககிட்டத்தான் என்று அறிமுகம் செய்தார். வெள்ளைத் தலைகள் இரண்டு மூன்று என்னை நிமிர்ந்து பார்த்தன. நான் பட்டுப் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஆமாங்க, நான்தான் என்றேன். அன்றைக்கு எனக்கு எதைப் பற்றியும் பயமில்லை. பந்தியில் பாயசம் போதுமா என்பதைத் தவிர.

கேம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, மகள் விட்டுவிட்டுப் போய்விட்டாள். கேன்டீன் பஸ்ஸில் போகும்போது ஆடுவேன். நாற்பத்தோராவது மாடியில் இருக்கிறேன், பனி மலை, கால் வழுக்குகிறது. ஒரு நோட்டில் எழுதியும் வருகிறேன், பார்த்த மாடியை மட்டும்.

சம்மந்தி ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்து எத்தனையாவது என்று கேட்பார். அன்றைக்கு அவருடைய பர்ஸில் இருந்தது முந்நூறு. அதைத் தம்பி முன்னிலையில் எண்ணிக் கையில் கொடுத்தார். மீதியைக் கேட்டால், நூறும் ஏறி முடிங்க சம்மந்தி, ஒண்ணாத் தர்றேன் என்கிறார். பந்தயம் நூறுக்கு இல்லை, நாலுக்குத்தான். ஏழு பேர் சாட்சி. வரவேண்டிய பாக்கி இருநூறு ரூபாய்.